பரக்ஸ் இடாப்பு

சிப்பிமுனைப் பரக்ஸின் சுவர் முதன்முதலாக இடாப்பு வாசித்துப் பெயர் கூப்பிட்டது தைப்பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணிக்கு ஐந்து நிமிசம் இருக்கையில்; அந்த நேரம் சூசைப்பிள்ளையர் விறாந்தைத் தூணில் சாய்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார், மங்கையக்கா அடுப்புச் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தாள், பாண்காரர் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தார், புனிதவதி தையல் மெசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்; ஆகையால் நித்திரையில் கண்ட கனவு என்று ஒருவரும் சாட்டுச் சொல்ல இடமில்லை. முதலாம் கட்டடத்தின் கடற்கரைப் பக்கச் சுவர் ஒருதரம் தொண்டையைச் செருமிக்கொண்டு, தடிமன் பிடித்த கிளாக்கரின் குரலில், "ஜோன் பார்க்கர்" என்றது.

சுவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு "ஜோன் பார்க்கர்" என்று மறுபடி கூப்பிட்டது, மூன்றாந்தரம் கூப்பிடும்போது அதன் குரலில் எரிச்சல் தெரிந்தது. சூசைப்பிள்ளையருடைய வாயோ முப்பத்துநாலு வருசம் கப்பல் திருத்துகிற டொக்யாட்டில் வேலை பார்த்து, ஒவ்வொரு காலையும் போர்மன் பெயர் கூப்பிடப் பதில் சொல்லிப் பழகின வாய்; அது அவரைக் கேளாமலே, பற்பொடி நுரையோடு, "பிரசன்ட் சேர்" என்றது. சுவர் திருப்திப்பட்டு அடுத்த பெயருக்குப் போனது. பதினாலு பெயர் கூப்பிட்டது, பதினாலுக்கும் சூசைப்பிள்ளையர்தான் பிரசன்ட், கடைசியில் "டிஸ்மிஸ்" என்று சொல்லி முடித்தது. அதன் பிறகுதான் டொக்யாட்டின் சங்கு ஊதியது, அதன் பிறகுதான் பாண்காரர் "எத்தினை றாத்தல்?" என்று கேட்டார்.

இந்தப் பரக்ஸின் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். டொக்யாட்டைக் காவல் காக்கவென்று வெள்ளைக்காரப் பட்டாளம் கட்டிய ஏழு நீளக் கட்டடங்கள், முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்து இரண்டு முழத் தடிப்பில் எழுப்பிய சுவர்கள், கப்பலில் வந்து இறங்கிய இரும்புத் தூண்கள். வெள்ளைக்காரப் பட்டாளம் போக இந்தியாவிலிருந்து வடக்கத்திப் பட்டாளம் வந்தது, உலக யுத்தம் வர ஆபிரிக்காவிலிருந்து ஒரு பட்டாளம் வந்தது, எல்லாரும் போன பிறகு ஆடுகள் வந்தன, சூறாவளி அடித்த வருசம் கூரை பறிகொடுத்த சனம் வந்தது, சனம் போக முள்ளுக்கம்பி வந்தது, முள்ளுக்கம்பிக்குள்ளே சொந்த நாட்டுப் பட்டாளம் இருபது வருசம் இருந்தது, அதுவும் ஒருநாள் லொறிகளில் ஏறிப் போனது. கடைசியில், டொக்யாட்டின் வேலி அகன்று அகன்று காணிகளை விழுங்கிவிட்டபடியால் போக்கிடமில்லாத நாற்பத்தொரு குடும்பங்களை, "மூண்டு மாசத்துக்கு மட்டும்" என்று சொல்லி அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த மூன்று மாசத்துக்கு இப்போது பதினொரு வயது.

நாற்பத்தோராவது குடும்பம் புனிதவதி என்கிற ஒற்றை மனுசி. அவளுக்கு மட்டும் போக்கிடம் இருந்தது. டவுனில் தங்கச்சி வீடு, மாபிள் போட்ட வீடு, வா வா என்று கூப்பிட்டபடி. அவளோ மங்கையக்காவுக்குச் சித்தி மகள் முறை என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லி, நாலாம் கட்டடத்தில் ஒரு அறையைப் பிடித்து, டொக்யாட் ஆட்களின் கிழிந்த ஓவரோல்களைத் தைத்துக்கொண்டு அங்கே குந்தியிருந்தாள். ஏன் என்று கேட்டால் காற்று நல்லது என்பாள். காற்றாவது மண்ணாவது. இருபத்தாறு வருசத்துக்கு முந்தி ஒரு புரட்டாசி மத்தியானம், அவளுடைய புருசன் நல்லரெத்தினம் சந்தையில் வெண்டிக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கையில், பட்டாளத்தின் சுற்றிவளைப்பில் அவனையும் லொறியில் ஏற்றினார்கள். லொறி பரக்ஸ் வாசலால் திரும்பியது என்று வெண்டிக்காய் விற்ற மனுசி சொன்னாள். திரும்பவில்லை, நேரே போனது என்று ஐஸ்பழக்காரன் சொன்னான். அந்த ஒரு திருப்பத்தில் புனிதவதியின் ஆயுள் மாட்டிக்கொண்டு நின்றது. விசாரித்துப் போட்ட கடிதத்துக்கெல்லாம் வந்தது ஒரே பதில்: அந்தப் பெயரில் எவரும் பரக்ஸுக்குக் கொண்டுவரப்படவில்லை. அவள் கேட்டது பெரிய கேள்வியுமில்லை. அந்த மனுசன் இந்தக் கூரைக்குக் கீழே ஒரு இரவாவது படுத்தானா, ஓமா இல்லையா? அழுவதற்கும் ஒரு இடம் வேண்டாமா ஒரு பெண்ணுக்கு?

சுவர் மறுநாளும் கூப்பிட்டது, அதற்கு மறுநாளும் கூப்பிட்டது. முதல் கிழமை சனம் பயந்தது, இரண்டாம் கிழமை பார்க்க வந்தது, மூன்றாம் கிழமை அலுத்துக்கொண்டது. ஐயர் வந்து தீர்த்தம் தெளித்தார், சுவர் பத்து நிமிசம் பிந்திக் கூப்பிட்டது. சுவாமியார் வந்து செபம் சொன்னார், சுவர் பத்து நிமிசம் முந்திக் கூப்பிட்டது. அவ்வளவோடு இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள். சித்திரை வருசப்பிறப்பன்று எல்லாரும் மருத்துநீர் வைத்து முழுகிக் கோயிலுக்குப் போய்விட, பதில் சொல்ல ஆளில்லாமல், சுவர் ரொபர்ட் மில்ஸ் என்ற ஒரே பெயரை மத்தியானம் வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே நின்றது. இடாப்பு முடியாதபடியால் சங்கு ஊதவில்லை. என்ன முறுக்கியும் ஊதவில்லை. சங்கு ஊதாதபடியால் டொக்யாட்டின் வாசலும் திறக்கவில்லை, இரும்புக் கதவு வைத்தது வைத்தபடி நின்றது. கப்பல் ஒன்று பாதி தூக்கினபடி அந்தரத்தில் நிற்க, வருசப்பிறப்புக்கும் லீவு கிடைக்காமல் ஓவரோல் போட்டு வந்த எண்ணூறு ஆம்பிளைகள் வெயிலில் நின்று வேர்த்தார்கள். அதற்குப் பிறகு கலண்டரின் பின்பக்கத்தில் முறை எழுதி ஒட்டினார்கள்: திங்கள் முதலாம் கட்டடம், செவ்வாய் இரண்டாம் கட்டடம் என்று, கிணறு இறைக்க முறை வைத்த மாதிரி, இடாப்புக்கும் முறை.

முறைக்கு நின்றவர்கள் கண்டுபிடித்த விசயம் இன்னொன்று. எவருடைய பெயருக்குப் பிரசன்ட் சொன்னார்களோ அவருடைய நோவு அன்று பொழுதுபடும் வரைக்கும் சொன்னவருடைய உடம்பில் நின்றது. பெஞ்சமின் குக் என்பவனுக்குப் பதில் சொன்ன மங்கையக்கா சித்திரை வெயிலில் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு, தான் பிறந்ததற்குக் கண்டிராத பனியை நினைத்து ஏங்கினாள். வடக்கத்திப் பட்டாளத்தில் ஒருவனுக்குப் பதில் சொன்ன பாண்காரர், பாண் விற்பதை விட்டுவிட்டு, யாரோ ஊரில் விட்டுவந்த ஒரு செவலை மாட்டுக்காகத் தேம்பித் தேம்பி அழுதார். காலில் சீழ் வைத்தவனுக்குப் பதில் சொன்னவர்கள் நொண்டினார்கள், காய்ச்சல்காரனுக்குப் பதில் சொன்னவர்கள் புலம்பினார்கள். "சம்பளமில்லாத பட்டாளம் எங்கட பட்டாளம்" என்று சூசைப்பிள்ளையர் சிரிப்பார், ஆனால் தன் முறைக்கு ஒருநாளும் பிந்தமாட்டார்.

வைகாசியில் தில்லைநாதன் வந்தான். தலைநகரத்துக் கந்தோர் ஒன்றிலிருந்து பரக்ஸின் வரலாற்றை எழுத அனுப்பப்பட்டவன், மெலிந்த கண்ணாடிக்காரன், நல்ல பிள்ளை; உல்லாசப் பயணிகள் வாசிக்க வாசலில் மூன்று மொழியில் ஒரு பலகை நடுவது அவனுக்குத் தந்த வேலை. சுவர் பேசுகிறது என்றதும் அவன் ஆச்சரியப்படவில்லை, நன்றி சொன்னான். எழுதிக் களைத்தவனுக்குச் சொல்லித்தர ஒரு சுவர் கிடைத்தால் வேறென்ன செய்வான். ஒவ்வொரு காலையும் ரெக்கோடரைச் சுவரோரம் வைத்து, கந்தோரிலிருந்து கொண்டுவந்த பழைய பதிவேட்டுப் பிரதிகளோடு ஒத்துப்பார்த்து, ஒரு மாசத்தில் ஒரு உண்மையைப் பிடித்தான்.

"எல்லாரையும் கூப்பிடேல்லை ஐயா," என்றான் சூசைப்பிள்ளையரிடம். "வந்த திகதி எழுதி, போன திகதி எழுதாமல் விட்ட ஆக்களை மட்டும்தான் கூப்பிடுது. பாருங்கோ, ஜோன் பார்க்கர், வந்தது இருக்கு, போனது வெறும் கோடு. செத்தானோ, ஓடினானோ, ஆரும் எழுதேல்லை. சுவருக்கு அவன் இன்னும் போகேல்லை."

புனிதவதி ஓவரோலின் முழங்காலுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். மெசின் நின்றது. "தம்பி, வருச ஒழுங்காத்தான் கூப்பிடுதோ?" என்று கேட்டாள்.

"ஓமம்மா. இப்ப உலக யுத்தத்துக்குக் கிட்ட வந்திட்டுது."

அன்று முதல் நாலாம் கட்டடத்தில் ஒரு மனுசி நாட்களை விரல்விட்டாள். அவள் மட்டுமா? சேதி காற்றில் போனது; சுற்றுவட்டாரத்தில் ஆளைத் தொலைத்த வீடுகள் எல்லாம் கணக்குப் போட்டன. ஆனி முடிய உலக யுத்தம் முடிந்தது, ஆடியில் சூறாவளி வருசம் வந்துபோனது, ஆவணி பிறக்க முள்ளுக்கம்பி வருசங்கள் வரப்போகின்றன என்றதும், பாய் தலையணையோடு சனம் வந்து விறாந்தைகளில் இறங்கத் தொடங்கியது. தாய்மார், பெண்சாதிமார், தகப்பனைக் கண்டறியாத பிள்ளைகள், மடியில் படங்களோடு. பரக்ஸ்காரர் முகம் சுளிக்காமல் இடம் ஒதுக்கினார்கள், பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சினார்கள். மங்கையக்காவும் ஒரு படத்தை எடுத்துத் துடைத்து வைத்தாள். அவளுடைய தம்பி தவராசா, வலைக்குப் போன இடத்தில் பிடிபட்டவன், பத்தொன்பது வயது.

ஆவணி பத்தாந்திகதி தில்லைநாதன் ரெக்கோடரை நிப்பாட்டினான்.

"என்ன தம்பி, பற்றரி முடிஞ்சுதோ?" என்றார் சூசைப்பிள்ளையர்.

"இல்லை ஐயா. என்ட வேலை சுவர் இப்ப கூப்பிடுற வருசத்தோட முடிஞ்சுது. இதுக்குப் பிறகு எழுத வேண்டாமாம்." பலகையின் கடைசி வரியைக் கந்தோர்காரர் முன்பே அச்சடித்திருந்தார்கள்: 'பின்னர் சில காலம் பாதுகாப்புத் தேவைகளுக்காகப் பயன்பட்டது.' அவன் அதை வாசித்துக் காட்டிவிட்டு நிலத்தைப் பார்த்தான்.

"உங்கட வேலை முடிஞ்சுது. சுவருக்கு முடியேல்லையே, மோனே."

பதினோராந்திகதி காலையில் விறாந்தை முழுக்கச் சனம், குழந்தைகள் கூட அழவில்லை. சுவர் செருமியது. "கணபதிப்பிள்ளை" என்றது.

ஒருவருக்கும் விளங்கவில்லை. அந்தப் பெயரில் யாரையும் தொலைக்கவில்லையே என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மங்கையக்கா முதலில் திகைத்து, பிறகு சிரித்தே விட்டாள். "அது எங்கட அப்பாவின்ர பேர். அந்த மனுசன் பரக்ஸ் பக்கம் ஒண்டுக்கு இருக்கவும் வந்ததில்லை. கட்டிலில கிடந்து வெத்திலை சப்பிக்கொண்டு செத்தவர்."

"வேற ஆரும் கணபதிப்பிள்ளை இருந்திருப்பான்," என்று சொல்லி, அன்று முறைக்கு நின்ற சூசைப்பிள்ளையர் "பிரசன்ட் சேர்" என்றார். சுவர் ஞானமுத்து என்றது, சாமித்தம்பி என்றது, அருளப்பு என்றது, எல்லாம் கிழடுகளின் பெயர்கள், வாய்க்கு வந்தபடி. மூன்று நாள் இதே பாட்டு. சுவருக்கு வயசுபோய் அறளை பெயர்ந்துவிட்டது, நூற்றைம்பது வருசம் நின்றால் ஆருக்குத்தான் பெயராது என்று சனம் முணுமுணுத்தது. சிலர் பாயைச் சுருட்டினார்கள். இருபத்தாறு வருசம் பொறுத்து, சொல்லப்போகிற நேரத்தில் இந்தச் சுவர் பிதற்றுகிறதே என்று புனிதவதி அதைக் கையால் குத்தினாள், கைதான் நொந்தது.

நாலாம் நாள் சூசைப்பிள்ளையர் ஒரு ஓவரோலைக் கொண்டுவந்து அவளிடம் தந்தபோது அவருடைய மணிக்கட்டுகளைக் கண்டாள். இரண்டிலும் கயிறு அறுத்த தடம், கன்றிச் சிவந்து.

"இது என்ன ஐயா?"

"அதுதான் பிள்ளை எனக்கும் விளங்கேல்லை. அந்தக் கணபதிப்பிள்ளைக்குப் பதில் சொன்ன நாளில வந்தது. நோவு அண்டைக்கே போயிட்டுது, தடம் போகேல்லை. உள்ளங்கால் ரெண்டும் தீயா எரிஞ்சுது. இன்னொண்டு, என்ட வயசு நோவெல்லாம் அண்டைக்கு இல்லை. முழங்கால், இடுப்பு, ஒண்டும் இல்லை. இளந்தாரி உடம்பு."

புனிதவதி ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். மெசின் லாச்சியைத் திறந்தாள். அதற்குள்ளே நல்லரெத்தினத்தின் பழைய அடையாள அட்டையின் பிரதி இருந்தது. ஆயிரம் தடவை பார்த்த பிரதி. எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னுக்கு, பிள்ளையின் பெயர் பின்னுக்கு. எங்களுக்கு அது வெள்ளிடைமலை. ஆனால் வாசலில் மேசை போட்டு இருந்து பெயர் பதிந்தவன் எங்கள் பாசை தெரியாத ஒரு பொடியன். அட்டையை வாங்கி, முதல் சொல்லைப் பார்த்து, அதுதான் ஆள் என்று எழுதிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டிருக்கிறான். அவன் எழுதினதைச் சுவர் வாசிக்கிறது. சுவருக்கு அறளையுமில்லை, மண்ணுமில்லை. உள்ளே போனது மகன்கள், இடாப்பில் நின்றது தகப்பன்மார்.

"அக்கா," என்று அவள் கூப்பிட்ட குரலில் மங்கையக்கா அகப்பையோடு ஓடிவந்தாள். சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்கு விளங்கிவிட்டது. சூசைப்பிள்ளையரின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், பிடித்தபடியே நிலத்தில் இருந்தாள்.

"என்ட தம்பியைக் கூப்பிட்டிருக்கு," என்றாள். "நான் சிரிச்சிருக்கிறன். நீங்கள் பிரசன்ட் எண்டு சொல்லிப்போட்டியள் ஐயா. வந்திட்டான் எண்டு சொல்லிப்போட்டியள். இனிக் கூப்பிடாது."

சூசைப்பிள்ளையர் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த மனுசனைக் குறை சொல்லி என்ன, முறைக்கு நின்றார், சொன்னார். ஆனாலும் அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, மங்கையக்கா அவருடன் பேசவில்லை, பாயைச் சுருட்டினவர்கள் எல்லாரும் மறுபடி விரித்தார்கள்.

புனிதவதிக்கு வேறொரு முள் ஏறியிருந்தது. இருபத்தைந்து வருசத்துக்கு முந்தி விசாரணைக் கந்தோரில், பெரிய இடாப்பு ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு ஒரு அதிகாரி அவளிடம் கேட்டார், புருசன் பெயர் என்ன என்று. அவள் புருசன் பெயரை வாயால் சொல்லிப் பழகாதவள், கடதாசியில் 'க. நல்லரெத்தினம்' என்று எழுதி நீட்டினாள். "கானா எண்டால் என்ன?" என்று மொழிபெயர்க்க வந்தவர் கேட்டார். மாமனார் பெயரை ஒரு மருமகள் எப்படி நாக்கில் எடுப்பாள்? அந்த மனுசன் மீன்குழம்பில் உப்புக் குறைந்தால் மூன்று நாள் பேசாதவர், அவர் முற்றத்தில் நின்றால் இவள் அடுக்களையால் சுற்றிப் போவாள். "மாமாவின்ர பேர்" என்று தலையைக் குனிந்தாள். அதிகாரி ஒரு கோட்டை இழுத்துவிட்டு, 'நல்லரெத்தினம்' என்று தேடினார், மேலிருந்து கீழே, ஒருதரத்துக்கு இரண்டு தரம், நேர்மையாகத்தான் தேடினார். அப்படி ஒரு பெயர் இல்லை என்றார். பெயர் அவருடைய விரலுக்குக் கீழேயே கிடந்திருக்கும். அப்போது ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. அவள் அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்க நினைக்க, மரியாதை என்று எதைக் காப்பாற்றினோம் என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது. தன்னைத் தானே மன்னிக்க அவளால் முடியவில்லை, நானும் அவளை மன்னிக்கச் சொல்லமாட்டேன், குற்றம் அவளுடையதில்லை என்று மட்டும் சொல்வேன்.

மணிக்கட்டுத் தடத்தைக் கண்ட அன்று பின்னேரம் தில்லைநாதன் வந்து, இடாப்பைச் சீக்கிரம் முடித்துக் கொடுக்கும்படி மேலிடம் கேட்கிறது என்றான். பலகை திறக்க ஆட்கள் வருகிறார்களாம், எல்லாப் பெயருக்கும் நிற்காமல் பிரசன்ட் சொல்லிவிட்டால் சுவர் அடங்கிவிடுமாம்.

"சொன்னால் என்ன நடக்கும் தெரியுமோ தம்பி?" என்றாள் புனிதவதி.

"தெரியும் அம்மா. ஒரு நாள் நோவு."

அவனுக்குத் தெரியாது. ஒரு நாள் நோவுதான். ஆனால் அது அந்த மனுசனுடைய நோவு. பிரசன்ட் என்று ஒரு சொல் சொன்னால், பொழுது படும் வரைக்கும் நல்லரெத்தினம் அவளுடைய உடம்புக்குள்ளே இருப்பான். அவனுக்கு எங்கே அடித்தார்கள் என்று அவளுக்குத் தெரிய வரும், தண்ணீர் விடாய்த்ததா என்று தெரிய வரும், கடைசியாக எதை நினைத்து ஏங்கினான் என்று, தன்னை நினைத்தானா என்றுகூடத் தெரிய வரும். இருபத்தாறு வருசத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் பேறு அது. அதற்குப் பிறகு சுவர் அவனை ஒருநாளும் கூப்பிடாது. வந்துவிட்டான் என்று எழுதி, பக்கத்தைப் புரட்டிவிடும்.

ஆவணி பதினெட்டாந்திகதி, மப்பும் மந்தாரமுமான காலையில், நாலாவது பெயராக, அவளுடைய அறைச் சுவரே கூப்பிட்டது. "கதிர்காமத்தம்பி."

அன்று முறை நாலாம் கட்டடம். அவளுடைய முறை.

விறாந்தையில் நின்ற அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் குளித்து, ஈரத் தலையோடு மெசினடியில் நின்றாள். தொண்டைக்குள்ளே பிரசன்ட் வந்து நின்றது, மெத்தென்று, இனிப்பாக, விழுங்க முடியாமல். மூன்றாந்தரம் சுவர் கூப்பிட்டபோது சூசைப்பிள்ளையருடைய வாய் துடிக்கத் தொடங்கியது. பழகின வாயை நம்பமுடியாமல் அந்த மனுசன் தோளில் கிடந்த துவாயை எடுத்து வாய்க்குள்ளே திணித்துக்கொண்டார்.

புனிதவதி சுவருக்குக் கிட்டப் போனாள். கிளாக்கர்மாரோடு கதைக்கிற குரலில் கதைத்தாள்.

"பிழையாக் கூப்பிடுறீங்கள். கதிர்காமத்தம்பி என்ட மாமனார். அவர் என்ட வீட்டுக் கட்டிலில, என்ட கையால கஞ்சி குடிச்சிட்டு, உப்பில்லை எண்டு சொல்லிப்போட்டுச் செத்தவர். நீங்கள் ஏத்திக்கொண்டு வந்தது அவற்ற மகனை. என்ட மனுசன்ர பேர் நல்லரெத்தினம். கதிர்காமத்தம்பி நல்லரெத்தினம். அதை எழுதிப்போட்டுக் கூப்பிடுங்கோ."

மாமன் பெயரையும் புருசன் பெயரையும் அவள் வாயால் சொன்னது வாழ்நாளில் அதுதான் முதல் தரம். சுவருக்குள்ளே எங்கோ தாள் புரளுகிற சத்தம் கேட்டது, ஒரு பேனை கீறுகிற சத்தம் கேட்டது. பிறகு செருமிக்கொண்டு, பிழை விட்ட கிளாக்கரின் தாழ்ந்த குரலில், சுவர் கூப்பிட்டது.

"கதிர்காமத்தம்பி நல்லரெத்தினம்."

ஓம், வந்திருந்தான். லொறி திரும்பியிருந்தது. வெண்டிக்காய் விற்ற மனுசி சொன்னது சரி. புனிதவதி சுவரில் நெற்றியை வைத்து, இருபத்தாறு வருசம் இடம் தெரியாமல் தேக்கி வைத்த அழுகையை அங்கே அழுதாள். மங்கையக்கா வந்து அவளைப் பிடித்தாள், பிடித்தவளும் அழுதாள். சுவர் கூப்பிட்டபடி நின்றது. பதில் சொல், சொல் என்று அவளுடைய உடம்பு முழுக்க மன்றாடியது. அவள் முகத்தைத் துடைத்தாள், ஸ்டூலை இழுத்து மெசினுக்கு முன்னால் இருந்தாள், வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டாள்.

ஏழு மணியாகியும் சங்கு ஊதவில்லை. எட்டு மணிக்கு டொக்யாட் வாசலில் எண்ணூறு பேர் நின்றார்கள். அதில் ஒரு ஐம்பது பேர் பரக்ஸ் ஆட்கள், ஒருநாள் வேலை போனால் அடுப்புப் புகையாத வீடுகள். இரண்டு பேர் கோபத்தோடு வந்தார்கள், சொல்லிவிட்டால் என்ன என்று கேட்க. விறாந்தையில் இருந்த படங்களையும், அந்தப் பெயர் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதையும் கண்டு, வந்தவர்கள் கேளாமலே நிலத்தில் இருந்தார்கள். ஒன்பது மணிக்குத் தில்லைநாதன் ஓடிவந்தான்.

"அம்மா, கும்பிட்டுக் கேக்கிறன். ஒரு சொல்லு. எனக்காக."

"நீங்கள் நல்ல பிள்ளை. உங்களுக்காக வேற என்னவும் செய்வன்."

பத்து மணிக்கு டொக்யாட் பக்கமிருந்து ஜீப் வந்தது. வெள்ளை உடுப்புப் போட்ட பெரிய அதிகாரி இறங்கினார். பொல்லாத முகமில்லை, நித்திரை குறைந்த முகம். சனம் ஒதுங்கி வழி விட்டது. அவர் சுவரைப் பார்த்தார், படங்களைப் பார்த்தார், வாய்க்குள்ளே துவாயோடு நின்ற கிழவரைப் பார்த்தார், கடைசியில் தன் பாசையில் தில்லைநாதனிடம் ஏதோ கேட்டார். தில்லைநாதன் புனிதவதியின் பக்கம் திரும்பினான்.

"அம்மா, இதுக்கு ஆர் பதில் சொல்ல வேணும் எண்டு சேர் கேக்கிறார்."

புனிதவதி வாயிலிருந்த ஊசியை எடுத்து ஓவரோலில் குத்தி வைத்தாள். எழும்பி, தான் இருந்த ஸ்டூலைச் சேலைத் தலைப்பால் துடைத்து, சுவரைப் பார்க்க வைத்தாள்.

"இருபத்தாறு வருசமா நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ," என்றாள். "சேரை இருக்கச் சொல்லுங்கோ. அது இன்னும் கூப்பிடும்."

அதிகாரி ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுவர் செருமிக்கொண்டு, மறுபடி நல்லரெத்தினத்தைக் கூப்பிட்டது.